ஹேஸ்டிங்ஸ் துறையும் உடைந்த பட்டையும்

மெல்பர்னில் இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும், பிலிப் ஐலண்டுக்கு எத்தனை தடவை போனோம் என்று கணக்குச் சொல்லத் தெரியாது. ஊரிலிருந்து யார் வந்தாலும் பென்குயின் காட்டியே ஆகணும். மாமனார் மாமியார் வந்தால் ஒரு தடவை, சித்தப்பா குடும்பம் வந்தால் ஒரு தடவை. ராத்திரிக் குளிரில் நடுங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஆனால் அந்தத் தீவுக்கும் கரைக்கும் நடுவில் கிடக்கிற கடலை நான் பல வருஷம் சரியாகப் பார்த்ததே இல்லை. பாலத்தில் கார் ஏறும்போது இடமும் வலமும் கொஞ்சம் தண்ணீர் தெரியும், அவ்வளவுதான்.

அந்தக் கடலுக்குப் பெயர் வெஸ்டர்ன் போர்ட். மேற்குத் துறைமுகம் என்று பெயர், இருப்பதோ மெல்பர்னுக்குத் தென்கிழக்கில். 1798-ல் ஜார்ஜ் பாஸ் என்பவர், ஆறு பேர் துடுப்புப் போட, திமிங்கில வேட்டைக்குப் பயன்படும் ஒரு திறந்த படகில் சிட்னியிலிருந்து இதுவரை வந்து சேர்ந்தார். அவர்களுக்கு அன்றைக்குத் தெரிந்த கரையில் மேற்கோரமாக இருந்த துறை இதுதான், அதனால் அந்தப் பெயரை வைத்துவிட்டுப் போனார். அதற்கும் மேற்கே போர்ட் பிலிப் இருக்கிற விஷயம் அவருக்குத் தெரியாது. பூனுரங் மக்களுக்கு இந்தக் கரை அதற்கெல்லாம் ரொம்பக் காலம் முன்னாலிருந்தே சொந்த வீடு.

மெல்பர்ன் நகரம் ஒட்டியிருக்கும் போர்ட் பிலிப்பில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் கீழே. வெஸ்டர்ன் போர்ட்டில் இரண்டு மீட்டரைத் தாண்டும். தண்ணீர் வற்றும்போது கண்ணுக்கு எட்டியவரை சேறுதான். காலையில் படகு ஓட்டிப் போன இடத்தில் சாயங்காலம் பறவைகள் நடந்துகொண்டிருக்கும். ஓத நேரம் பார்க்காமல் போனால் சேற்றில் உட்கார்ந்து அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். நான் அந்தத் தப்பைச் செய்யவில்லை. போனிலேயே ஓத அட்டவணை, காற்று, அலை எல்லாம் பார்த்து வைத்திருப்பேன். மென்பொருள் வேலை பார்க்கிறவன் இல்லையா, எண் போட்டுக் காட்டுகிற எல்லாவற்றையும் பார்ப்பேன். எண் காட்டாத ஒன்றுதான் என்னைப் பிடித்தது.

போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு அலுமினியப் படகு வாங்கினேன். 4.8 மீட்டர் நீளம். இங்கே இதையெல்லாம் செல்லமாக டின்னி என்பார்கள். வாங்கும்போது எஞ்சினை ஒரு மணி நேரம் சோதித்தேன், அடித்தகட்டில் ஒட்டு விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், லைஃப் ஜாக்கெட்டின் தேதியைக்கூடப் பார்த்தேன். கீழே இருந்த டிரெய்லரில் டயரை ஒரு உதை உதைத்ததோடு சரி. கால்வனைஸ் செய்த இரும்பு, சாம்பல் நிறத்தில் நன்றாகத்தான் இருந்தது.

அப்பா வந்து பார்த்தார். படகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு டிரெய்லருக்குப் பக்கத்தில் குனிந்தார். "இத கடல் தண்ணிக்குள்ள இறக்குவாங்களாலே?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. அச்சு வரைக்கும் முங்கும்."

"அப்போ படக விட இதுக்குத்தான் வேல ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க உள்ளே போய்விட்டார்.

அப்பா தூத்துக்குடியில் பிட்டராக இருந்தவர். உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புகளைப் பழுது பார்ப்பார். எனக்கு எட்டு வயசிருக்கும்போது குடும்பத்தோடு இங்கே வந்தோம். டான்டினாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் ராத்திரி ஷிப்ட். வீட்டு கராஜில் சுவர் முழுக்க அவர் கருவிகள் தொங்கும். நான் ஏதாவது ஒன்றை எடுத்தால் போதும், "கையக் கெடுத்துக்காத, போய்ப் படி" என்பார். படித்தேன். மாஸ்டர்ஸ் வரைக்கும் படித்தேன். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் உங்களில் பல பேர் வீட்டிலும் இதே வசனம் ஓடியிருக்கும். முப்பத்தாறு வயசில் ஒரு நட்டைக் கழற்ற யூடியூபைத் திறக்கிற ஆளாக நான் வளர்ந்ததில் அப்பாவுக்கு உள்ளூரப் பெருமைதான் என்று நினைக்கிறேன்.

ஹேஸ்டிங்ஸ் போகிற வழி எங்கள் ஆட்களுக்குப் பழக்கமான வழிதான். டான்டினாங்கிலிருந்து தெற்கே கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கமே வெஸ்டர்ன் போர்ட் நெடுஞ்சாலையில் ஏறி இன்னும் கொஞ்சம் போனால் கிடங்குகள் முடிந்து குதிரை மேயும் புல்வெளி வரும், பிறகு உப்புக் காற்று வரும். ஹேஸ்டிங்ஸ் சின்ன ஊர். ராம்ப், படகுத் தளம், மீனுக்கு இரை விற்கிற கடை, கரையோரம் பூங்கா. நவம்பரில் மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தய வாரம் ஸ்னாப்பர் மீன் சீசன். அந்த வாரம் விடிவதற்கு முன்னாலேயே ராம்பில் வரிசை நிற்கும்.

அந்த வாரம்தான் நாங்களும் போனோம். நான், மனைவி, ஏழு வயசு மகள், அப்பா. ஸ்னாப்பர் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. மகள் ஒரு கை நீளத்தில் தட்டைத்தலை மீன் ஒன்றைப் பிடித்தாள், அதைப் பற்றி இன்னமும் பேசுகிறாள். ஏற்றம் முழுசாக இருந்தபோது கரையோரமாகப் படகை மெதுவாக விட்டேன். சேற்றிலிருந்து குச்சி குச்சியாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நம்ம ஊர்ச் செடில்லா" என்றார்.

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடினால் அவர் சொன்னதுதான் சரி. அவிசென்னியா மரினா. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் பெரும்பாலும் நிற்பதும், தூத்துக்குடிக் கரையில் நிற்பதும், இங்கே வெஸ்டர்ன் போர்ட்டில் நிற்பதும் ஒரே இனம். உலகத்திலேயே தெற்கோரத்தில் இருக்கிற அலையாத்தி மரங்கள் இங்கிருந்து கிழக்கே கார்னர் இன்லெட்டில் இருக்கின்றன. அதுவும் இதே இனம்தான். ஊரில் மரமாக நிற்பது இங்கே குளிரில் குட்டையாக, புதர் மாதிரி நிற்கிறது. இலையைத் திருப்பிப் பார்த்து மகள் விரலால் தொட்டு நக்கினாள். உப்பு. இந்தச் செடி வேர் வழியாக வருகிற உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். இரும்புக்கு அந்த வித்தை தெரியாது.

திரும்பி வரும் வழியில்தான் அது நடந்தது. நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிஷம் இருக்கும். பின்னால் டமார் என்று ஒரு சத்தம். கார் லேசாக இடது பக்கம் இழுத்தது. ஏதோ பள்ளம் என்று நினைத்தேன். பக்கத்துத் தடத்தில் போன ஒருவர் ஹார்ன் அடித்துப் பின்னால் கையைக் காட்டினார். கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் இடது சக்கரத்திலிருந்து புகை. பிரேக்கை அழுத்தி மிதிக்காமல் வேகத்தை மெல்லக் குறைத்து ஓரம் கட்டினேன். டிரெய்லர் நேராக வராமல் நண்டு மாதிரி ஒரு பக்கமாக நடந்து வந்தது. அந்த முன்னூறு மீட்டரில் நான் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை, மகள் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மனைவியையும் மகளையும் தடுப்பு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு நானும் அப்பாவும் குனிந்து பார்த்தோம். இடது பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்திருந்தது. அச்சு அந்தப் பக்கம் பின்னால் நகர்ந்து, டயர் மட்கார்டில் உரசி ரப்பர் உருகியிருந்தது.

ஸ்பிரிங் பட்டை என்றால் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊரில் லாரிக்கும் மாட்டு வண்டி டயர் வண்டிக்கும் கீழே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்களே, அதேதான். உடைந்த லாரிப் பட்டையை வாங்கி அடித்துத்தான் நம் பக்கம் அரிவாள் செய்வார்கள், அவ்வளவு உரமான எஃகு. என்னுடையது மாதிரிச் சின்ன டிரெய்லரில் மேல் பட்டையின் முன் நுனி வளையமாகச் சுருட்டியிருக்கும். அதைக் கண் என்பார்கள். அந்தக் கண்ணில் ஒரு போல்ட் போட்டுச் சட்டத்தோடு கட்டியிருக்கும். பின் நுனி எதிலும் கட்டப்படாமல் ஒரு கூட்டுக்குள் வழுக்கி ஓடும். ஆக, சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு கண்தான். எங்களுக்கு உடைந்தது அந்தக் கண்ணை ஒட்டித்தான்.

அப்பா உடைந்த துண்டைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினார். "இங்க பாருலே. இந்தக் கருப்பு முன்னாடியே விட்டது. இந்த வெள்ளக் கீத்து மட்டுந்தான் இன்னைக்கு விட்டது."

உடைந்த முகத்தில் முக்கால்வாசி பழைய துரு, பழுப்பும் கருப்புமாக. கால்வாசி மட்டும் புதுசாக மின்னியது. எத்தனை மாசமாகவோ அது விரிசல் விட்டே இருந்திருக்கிறது. அத்தனை தடவை மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, நூறு கிலோமீட்டர் வேகத்தில், அந்தக் கால்வாசி எஃகை நம்பி ஓட்டியிருக்கிறேன். எதிர்த் தடத்தில் வந்தவர்கள் வண்டியிலும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

பின்பக்கம் சாயும் டிரக் ஒன்று வந்து படகையும் டிரெய்லரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வீட்டில் விட்டது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பா கராஜைத் திறந்தார். "அந்த பானாவ எடு" என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக. எனக்கு பானா என்றால் ஸ்பேனர் என்பது தெரியும், எந்த நம்பர் என்று தெரியவில்லை. மகள் ஓடிப் போய்ச் சுவரைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணைப் படித்து 19-ஐ எடுத்துவந்தாள்.

கழற்றுவது ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். நான்கு நாள் ஆனது. முதல் மூன்று நாள் நட்டுகளில் எண்ணெய் விட்டுக் காத்திருந்ததுதான். துருவுக்குள் ஊறிப் போகிற மெல்லிய எண்ணெயை, கம்பி பிரஷால் மரையைத் தேய்த்துவிட்டு, காலையும் ராத்திரியும் விட வேண்டும். கேஸ் பர்னரால் சூடு காட்டினால் சீக்கிரம் கழலுமே என்றேன். அப்பா ஒரே முறைப்பாக முறைத்தார். கால்வனைஸ் என்பது இரும்புக்கு மேலே துத்தநாகப் பூச்சு. அதைச் சூடாக்கினால் வருகிற புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் மாதிரி ஆளைப் படுக்க வைக்கும். போதாததற்கு மேலே படகில் பெட்ரோல் டாங்க். அந்த டாங்கை இறக்கித் தோட்டத்து மூலையில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் கிரைண்டரையே பெட்டியிலிருந்து எடுக்க விட்டார்.

மகளுக்கு அந்த மூன்று நாளில் கிடைத்த சொற்கள்: துரு, மரை, திருப்புளி, அரம், ஜாக்கி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மயிலும் மாம்பழமும் வரும், மரை வராது. ஒருத்தருக்கு "மரை கழண்டுபோச்சு" என்றால் என்ன அர்த்தம் என்று தாத்தா சொல்லிக் கொடுத்துவிட்டார். அதை அவள் யாரிடமெல்லாம் சொன்னாள் என்பது வேறு கதை.

நாலாவது நாள் வேலை ஆரம்பித்தது. டிரெய்லரைக் காரோடு கொக்கி போட்டபடியே வைத்து, கை பிரேக் போட்டு, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. தூக்கியதும் சட்டத்துக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட் வைத்து, டிரெய்லரைக் கையால் ஆட்டிப் பார்த்து, பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினோம். அப்பவும் யாரும் அடியில் படுக்கவில்லை. மகளுக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தோம். ஒரு பக்கம் முழுசாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் அச்சு எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு அடையாளம் எதுவும் மிஞ்சாது.

அச்சையும் பட்டையையும் சேர்த்துக் கட்டுகிற யு-போல்ட்டுகள் நான்கில் மூன்று கழலவே இல்லை. வெட்டித்தான் எடுத்தோம். கழன்ற ஒன்றைச் சுத்தம் செய்து திரும்பப் போடலாமே என்று கேட்டேன். "ஒரு தடவ இழுத்து முறுக்கினது இழுத்ததுதான்" என்று அதையும் குப்பையில் போட்டார். யு-போல்ட்டின் விலை என்ன, காபிக் காசு.

வெளியே எடுத்த பட்டைகளைப் பிரித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வெளிப்பக்கம் சாம்பல் நிறத்தில் நன்றாக இருந்தது. உள்ளே, பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில், பிஸ்கட் மாதிரி துரு அடுக்கு அடுக்காக உதிர்ந்தது. கடல் தண்ணீர் அந்த நூலிடைவெளியில் தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும், வெளியே வராது. ஒவ்வொரு குலுக்கலிலும் பட்டைகள் ஒன்றோடொன்று உரசித் துத்தநாகத்தைத் தேய்த்துவிடும். துரு பிடித்த இரும்பு அது இருந்த இடத்தைவிடப் பல மடங்கு அதிக இடம் கேட்கும், அதனால் பட்டைகளை நெம்பிப் பிரிக்கும், இன்னும் தண்ணீர் போகும். துரு அரித்த ஒரு குழியிலிருந்துதான் விரிசல் கிளம்பும். நான் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து ஹோஸ் பைப்பால் ஐந்து நிமிஷம் கழுவினேன், உண்மை. படகை. டிரெய்லருக்கு மேலாக ஒரு வீச்சு.

அப்பா இன்னொன்றும் சொன்னார். உப்பு காய்ந்துவிட்டால் வேலை நின்றுவிட்டது என்று நினைக்கக் கூடாது. ராத்திரி ஈரக் காற்று வந்தால் அதை இழுத்துக்கொண்டு மறுபடி நனையும். "உப்பளத்து இரும்பு ராத்திரியிலதான் சாவும்" என்றார். புல்தரையில் நிறுத்தினால் இன்னும் மோசம், அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். எங்கள் டிரெய்லர் எட்டு மாசமாகப் புல்லில்தான் நின்றது.

பட்டைகளை மாற்றினால் வேலை முடிந்தது என்று நான் ஆன்லைனில் ஆர்டர் போடப் போனேன். அப்பா ஒரு சுத்தியலை மகள் கையில் கொடுத்தார். "சட்டத்தத் தட்டு, மெல்ல. சத்தத்தக் கேளு." அவள் ஒரு ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். டிங், டிங், டிங். நல்ல இரும்பு மணி மாதிரிப் பேசும். சட்டம் முழுக்க டிங். அச்சுக்கு வந்தாள். நடுவில் டிங். பட்டை உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கிட்டே வந்ததும் தட் என்றது. அவளே நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தோம். இரும்பு செதில் செதிலாகக் கையோடு வந்தது. பட்டை உட்காரும் தகட்டுக்கு அடியில் வருஷக்கணக்காக ஈரம் தங்கி, சதுர அச்சின் ஒரு மூலையே கரைந்துபோயிருந்தது. புதுப் பட்டையை அதன் மேலே கட்டியிருந்தால் அடுத்து உடைவது அதுதான். எனக்குச் செலவுக் கணக்கு ஓடியது. அப்பா எதுவும் பேசவில்லை, உடைந்த துண்டை எடுத்து பெஞ்சின் மேல் என் கண்ணில் படுகிற மாதிரி வைத்தார். அச்சும் புதுசு என்று முடிவானது.

வாங்கும்போது நான் கற்றுக்கொண்டவை கொஞ்சம் உண்டு. கடைக்காரரிடம் "4.8 மீட்டர் படகு டிரெய்லருக்குப் பட்டை கொடுங்க" என்று கேட்டால் கிடைக்காது. பட்டையின் அகலம், கனம், எத்தனை பட்டை, கண்ணின் மையத்திலிருந்து பின் நுனி வரை நீளம், கண்ணுக்குள் போகும் போல்ட்டின் குறுக்களவு, அச்சின் சதுர அளவு, எல்லாம் வேண்டும். எங்களுடையது 45 மி.மீ. சதுர அச்சு. அதைவிட முக்கியம் எடை. பெட்ரோல், நங்கூரம், மீன் பெட்டி எல்லாம் ஏற்றி எடைமேடைக்கு இழுத்துப் போகலாம் என்றால் டிரெய்லரே இல்லை. பக்கத்துத் தெரு நண்பர் தன்னுடைய டிரெய்லரைத் தந்து உதவினார், அதன் எடையைக் கழித்துப் போட்டோம். எல்லாம் சேர்த்து ஆயிரம் கிலோவை ஒட்டி வந்தது. ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் சக்கரங்களின் மேல் உட்காருகிற எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கே பிரேக் வேண்டும், 2,000 வரை ஒரு அச்சில் இருந்தால் போதும். எங்களுடையதில் பிரேக் இருந்தது, அதன் கேபிளும் துருவில் இறுகிப்போயிருந்தது. அதுவும் பட்டியலில் ஏறியது.

எதற்கும் இருக்கட்டும் என்று அதிக எடை தாங்கும் பட்டை வாங்கப் பார்த்தேன். அது தப்பு. பட்டை வளைந்தால்தான் ஸ்பிரிங். வளையாத பட்டை ரோட்டுப் பள்ளத்தையெல்லாம் அப்படியே சட்டத்துக்கும் படகின் ஒட்டுகளுக்கும் அனுப்பிவிடும். அப்புறம் ஸ்டெயின்லெஸ் போல்ட் ஆசை. பளபளவென்று இருக்கிறது, துருவே பிடிக்காது, நான்கு டாலர் கூடக் கொடுத்தால் என்ன? ஸ்டெயின்லெஸ்ஸும் துத்தநாகமும் உப்புத் தண்ணீரில் ஒட்டி நின்றால் சின்ன பேட்டரி மாதிரி ஆகி, துத்தநாகம் சீக்கிரம் கரைந்துவிடும். போல்ட் மின்னிக்கொண்டிருக்கும், பக்கத்து இரும்பு போய்விடும். கால்வனைஸ் இரும்புக்கு கால்வனைஸ் போல்ட்தான். உடையாத வலது பக்கத்துப் பட்டையையும் சேர்த்து மாற்றினோம். இரண்டும் ஒரே உப்பைத்தானே குடித்தது.

பொருத்துவது எளிது என்றே சொல்வேன். புதுப் பட்டை வரிசைக்கு நடுவில் ஒரு போல்ட் தலை துருத்திக்கொண்டிருக்கும். அது அச்சின் மேலிருக்கும் குழியில் சரியாக உட்கார வேண்டும், அதுதான் அச்சை நேராக வைக்கிறது. யு-போல்ட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கணும். ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டே போனால் தகடு சாய்ந்துவிடும். கண்ணில் போகிற போல்ட்டை மட்டும் உயிரைக் கொடுத்து முறுக்கக் கூடாது, அது கீல் மாதிரி, பட்டை அசைய வேண்டும். நட்டு தானாகக் கழலாமல் இருக்க உள்ளே நைலான் வளையம் இருக்கும். நான் இதையும் இறுக்கித் தள்ளினேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் வந்து கால் சுற்றுத் தளர்த்தினார்.

கடைசியில் அளவு டேப்பை எடுத்தோம். முன் கொக்கியிலிருந்து அச்சின் இடது நுனி வரை எவ்வளவு, வலது நுனி வரை எவ்வளவு. மகள் ஒரு நுனியைப் பிடித்தாள், நான் மறு நுனியை. 6 மி.மீ. வித்தியாசம். அப்பா ஒரு பக்க நட்டுகளைத் தளர்த்தி, அச்சைச் சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டினார். மறுபடி அளந்தால் 1 மி.மீ. "போதும், இது ராக்கெட் இல்ல" என்றார்.

பேரிங்குகளையும் மாற்றி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து ஒவ்வொரு உருளைக்குள்ளும் திணித்தோம். எல்லாவற்றுக்கும் மேலே ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கிற லானொலின் ஸ்பிரே. இந்த நாட்டில் ஆட்டுக்குக் குறைவில்லை, படகுக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் அடிக்கிறார்கள். பட்டைகளுக்கு நடுவில் நன்றாகப் புகுந்து ஒட்டிக்கொள்கிறது. பிரேக் தட்டில் மட்டும் படக் கூடாது. வாசனை, நனைந்த ஆடு. கராஜ் இன்னும் அந்த வாசனையில்தான் இருக்கிறது, மனைவி இதைப் பற்றி என்னிடம் தனியாகப் பேசியிருக்கிறாள்.

ஜனவரிக் கடைசியில் மறுபடி ஹேஸ்டிங்ஸ் போனோம். இப்போது ராம்புக்குப் போனவுடன் இறக்குவதில்லை. முக்கால் மணி நேரம் ஓடி வந்ததில் சக்கர ஹப் சூடாக இருக்கும். சூட்டோடு குளிர்ந்த கடலில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். அதனால் பார்க்கிங்கில் இருபது நிமிஷம். டிரெய்லர் லைட் வயரைப் பிடுங்கி வைப்பதும், இட்லியைச் சாப்பிடுவதும் அந்த இருபது நிமிஷத்தில் நடக்கும். ஹப்பைத் தொட்டுப் பார்த்து "ஆறிடுச்சு" என்று சொல்வது மகளின் பொறுப்பு. வீட்டுக்கு வந்ததும் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரை டிரெய்லருக்கு அடியில் தள்ளிவிட்டு அரை மணி நேரம் ஓட விடுகிறோம். நிறுத்துவது சிமெண்ட் தரையில்.

புதுசாகக் கட்டிய யு-போல்ட் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும், அதனால் முதல் பயணத்திலேயே ஒரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டும். ராம்ப் பார்க்கிங்கில் பானாவை எடுத்துக்கொண்டு அப்பா குனியப் போனார். அவருக்கு இப்போது இடுப்பு வலி உண்டு, வெளியே சொல்ல மாட்டார். "நான் பாக்கறேன்பா" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கொடுத்தார்.

இடது பக்கம் பின் நட்டு அரைச் சுற்று ஏறியது. மற்றவை அசையவில்லை. அலையாத்திப் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. "வலது பக்கமும் பாத்தியா?" என்று அப்பா கேட்டார்.

"பாத்துட்டேம்பா."

"தாத்தா, நானும் பாத்தேன்" என்றாள் மகள், கையெல்லாம் லானொலின்.